மூச்சைப் பிடிங்க

"மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." இதயத்தைப் படம் பிடித்த அறையில் கேட்ட குரல் இந்த டவுன் பஸ்ஸின் கடகடப்பையும் மீறி இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. ஆள் தெரியாது, குரல் மட்டும்தான். மேலே எங்கோ ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து, கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி அலுத்துப்போன குரல். பிடித்தேன். பஞ்சவர்ணமா கொக்கா. இருமல் தொண்டைக்குழி வரை ஏறி வந்து குத்தியது, விடவில்லை. அசைந்தால் படம் கலங்கிவிடும், மறுபடி வர வேண்டியிருக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். மறுபடி வந்தால் நான் குளிப்பாட்டுகிற மூன்று வீட்டுப் பிள்ளைகளும் மறுபடி ஒரு நாள் குளிக்காமல் கிடக்கும். அதனால் வயிற்றை எக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கையில் குத்தியிருந்த ஊசி வழியாக மருந்து ஏறியதும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெந்நீர் ஊற்றின மாதிரி ஒரு சூடு இறங்கியது, இடுப்புக்குக் கீழே நனைத்துவிட்டேனோ என்றுகூடப் பயந்தேன், அப்புறம் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாக ஊரார் பெற்ற பிஞ்சுகளைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றியவளை இன்றைக்கு யாரோ மல்லாக்கப் படுக்கப்போட்டு உள்ளுக்குள் ஊற்றுகிறார்கள். சிரிக்கவும் கூடாது, இருமவும் கூடாது. நான் பிடித்த பிடியில் படம் அவ்வளவு தெளிவாக விழுந்துவிட்டதாம். மறுநாள் அந்தச் சின்ன டாக்டரம்மா அதைத்தான் முதலில் சொன்னாள். "நல்லா ஒத்துழைச்சிருக்கீங்கம்மா, படம் துல்லியமா இருக்கு" என்றாள். நான் ஏதோ பரீட்சையில் தேறிவிட்டவள் மாதிரி சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். வாய்க்கும் மூக்கிற்கும் போட்டிருக்கிற மாஸ்க்குக்குள் என் மூச்சு எனக்கே திரும்பி வருகிறது, காலையில் குடித்த டீயின் வாசனையோடு. "இதயத்துல ஒன்னுமே இல்லம்மா, ரத்தக்குழாயெல்லாம் சுத்தமா இருக்கு." அதைக் கேட்டதும் என் அண்ணன் செல்லையாதான் கண்முன் வந்தான். காய்கறிச் சந்தையில் கோசு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவியபடி அந்த மூட்டை மேலேயே சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் ரத்தத்தில் ஓடுவது அதுதான், எனக்கும் அப்படித்தான் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். பிள்ளை குளிப்பாட்டப் போகிற கிருத்திகா வீட்டு மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இதயம். ராத்திரி முதுகுப் பக்கம் குத்துகிறதா, இதயம். ரவிக்கை தொளதொளக்கிறதா, கவலை, வேறென்ன. கிருத்திகாவும்தான் சொன்னாள், "அக்கா, உங்க அண்ணனுக்கு வந்த மாதிரி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, போய்ப் பாருங்க." போனேன். ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்த ஈ.சி.ஜி.யில் ஏதோ கோணல் தெரிகிறது என்று அந்த வட்டமான இயந்திரத்துக்குள் தள்ளினார்கள். எல்லோரும் சேர்ந்து இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாவம், ஓர் ஓரமாக உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. "ஆனா" என்றாள் டாக்டரம்மா. அந்த 'ஆனா'வைச் சொல்லிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். நடுவில் இதயம். அதைச் சுற்றிக் கறுப்பாக நுரையீரல், முழுசாக இல்லை, இதயத்துக்காக எடுத்த படமானதால் ஓரத்தில் விழுந்தவரைக்கும்தான். அந்தக் கறுப்பில் ஓரிடத்தில் கோலமாவைச் சிந்தின மாதிரி பொட்டுப் பொட்டாக வெள்ளை, பக்கத்தில் சின்னதாக ஒரு பொந்து. "இது கிருமி பண்ணுற வேலை மாதிரி இருக்கு. உங்களுக்கு இருமல் இருக்கா?" நான் சொன்னேன், "இல்லவே இல்லம்மா." சொல்லி வாயை மூடுவதற்குள் இருமினேன். அவள் சிரிக்கவில்லை.

ஏன் இல்லை என்றேன்? அவளை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தெல்லாம் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிள்ளை குளிப்பாட்டுகிறவளுக்கு இருமல் கிடையாது. அவளுக்குச் சளி கிடையாது, தும்மல் கிடையாது, படை சொறி எதுவும் கிடையாது, நகம் கிடையாது. இருமுகிறவளை எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? இரண்டு மாதமாக முந்தானையில் மிளகும் கற்கண்டும் முடிந்துவைத்திருக்கிறேன். படியேறுவதற்கு முன்னால் ஒன்றைக் கடைவாயில் அதக்கிக்கொள்வேன், குளியல் முடிகிறவரை தாங்கும். மீறி வந்தால் தண்ணீரைச் சத்தமாக ஊற்றுவேன், இல்லையென்றால் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி சத்தம் போடுவேன், "துரை எங்க போறாரு, ஆபீசுக்கா" என்று. எல்லோரிடமும் மறைத்து மறைத்து, கேட்கிறவர் டாக்டர் என்பதுகூட மறந்துபோய் அவளிடமும் மறைத்துவிட்டேன். அந்தப் படம் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. இருமலை அடக்கி நான் அசையாமல் கிடந்ததால்தானே அது அவ்வளவு தெளிவாக விழுந்தது. நினைத்தால் எரிச்சலாகவும் இருக்கிறது, ஒரு பக்கம் நல்லவேளை என்றும் இருக்கிறது. இதயத்தைத் தேடிப் போகாமல் இருந்திருந்தால் இந்த நேரம் நான் கிருத்திகாவின் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டித் துரையின் மூக்கில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருப்பேன்.

ஊதுவது. அதை நினைக்காமல் வேறு எதையாவது நினைப்போம் என்று வெளியே பார்த்தால் பலூன்காரன் சைக்கிளில் போகிறான். சரிதான். ஊதுவதற்குத்தான் எனக்குப் பேரே. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதைக் கைக்குக் கொஞ்சம் பழக்கம் உள்ள யாரும் செய்துவிடலாம், தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். ஊதுவதில்தான் இருக்கிறது. நீட்டிய காலில் பிள்ளையைக் கவிழ்த்து முதுகு ஊற்றி, திருப்பிப் போட்டு முகம் ஊற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் விரலால் நீவி, வாயைக் குவித்து ஒரே ஊது. பிறகு இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று. உச்சிக்குழியில் மெதுவாக ஒன்று. கடைசியில் துண்டில் சுற்றி, சாம்பிராணி காட்டி, கண்ணேறு படாமல் இருக்க முகத்துக்கு நேரே மூன்று முறை தூ தூ தூ. அதில் எச்சில் தெறிக்கத்தான் செய்யும், தெறித்தால்தான் பலிக்கும் என்று நானே பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லியிருக்கிறேன். 'பஞ்சவர்ணம் ஊதினா பிள்ளைக்கு மூக்கடைப்பு வராது' என்று ஒரு வீட்டில் சொல்லி இன்னொரு வீட்டில் கூப்பிட்டு, அப்படியே தெருத்தெருவாகப் போனதுதான் என் பிழைப்பு. கிருத்திகா ஒரே ஒரு தடவை, பாவம், என் முகத்தைப் பார்க்காமல் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அக்கா, மூக்குல ஊத வேணாம்னு பிள்ளை டாக்டர் சொன்னாரு." நான் விட்டேனா? "உங்க டாக்டரு எத்தனை பிள்ளையக் கால்ல போட்டுக் குளிப்பாட்டியிருக்காராம், கேட்டுச் சொல்லு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அம்மா இல்லாத பெண், குறைமாதத்தில் பெற்றெடுத்தவள், எண்ணெய்க் கையில் பிள்ளை வழுக்கிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவள். என்னை எதிர்த்துப் பேசி நான் வராமல் போய்விட்டால் என்ன செய்வாள்? அவள் சிரித்ததும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஊதினேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் பிள்ளையோடு ஏறுகிறாள். ஒன்றரை வயது இருக்கும், கொலுசு போட்ட கால், மூக்கு ஒழுகுகிறது. நேராக வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். பிள்ளை என் வளையலைப் பிடித்து இழுக்கிறது. பிள்ளைகளுக்கு என்னைத் தெரிந்துவிடும், என் கையில் என்ன வாசனையோ. கை தானாக அதன் கன்னத்துக்குப் போகிறது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். "என்னக்கா, அடுத்த ஸ்டாப்பா?" என்கிறாள் அவள். தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கப் படிக்கருகில், காற்று வெளியே போகிற இடமாகப் பார்த்துக் கம்பியைப் பிடித்து நிற்கிறேன். கண்டக்டர் என்னையே பார்க்கிறான். "ஏம்மா, சீட்டு காலியாத்தான கெடக்கு, படியில நின்னு எதுக்குத் தொங்குற? ஓசி டிக்கெட்டுன்னு கூச்சமா?" பஸ்ஸில் ஒன்றிரண்டு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூச்சை இழுங்க, பிடிங்க. அந்தப் பெண் இறங்குகிற வரைக்கும் என்னால் பிடிக்க முடியுமா என்று பார்க்கிறேன். முடியவில்லை. யாரால் முடியும்? மனுஷி மூச்சு விடாமல் இருக்க முடியாது, அதுதான் இந்த நோய்க்கும் தெரிந்திருக்கிறது. காசநோய். சொல்லிப் பார்க்கிறேன், மாஸ்க்குக்குள், சத்தம் வராமல். டிபி. எங்கள் தெருவில் முன்னொரு காலத்தில் வீவிங் மில்லுக்குப் போன ஒருத்தருக்கு வந்தபோது தனித் தட்டு, தனிச் செம்பு. பிறகு ஒருநாள் அந்தத் தட்டும் இல்லை. இப்போது அப்படியில்லையாம். ஆறு மாதம் விடாமல் மாத்திரை, நல்ல சாப்பாடு, அவ்வளவுதானாம். சகாயராஜ் சொன்னான்.

சகாயராஜ் நெஞ்சுநோய்ப் பிரிவில் மாத்திரை கொடுக்கிறவன். தம்பி வயசு. பதமாகப் பேசுகிறவன். இன்றைக்குக் காலையில் சளிப் பரிசோதனை முடிவைச் சொல்லும்போதுகூட, பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னான், "பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா, பயப்பட ஒன்னுமில்ல." முதல் மாத்திரையை அவன் கண்முன்னாலேயே விழுங்கவைத்தான். அப்புறம் கேட்டான். "வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?" "நான் மட்டுந்தான் தம்பி." "சின்னப் பிள்ளைங்க?" "இல்ல." "நல்லதாப் போச்சு. அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்க இருந்தா உடனே கூட்டிட்டு வந்து பாக்கணும். பிஞ்சுகளுக்குச் சட்டுன்னு ஒட்டிக்கிரும், மூளை வரைக்கும்கூடப் போயிரும். நேரத்தோட பாத்துட்டா மருந்து குடுத்துத் தடுத்துரலாம்." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நானும் எழுந்து வந்துவிட்டேன். பொய் சொன்னேனா? இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. வீட்டில் நானும் ஒரு டேபிள் ஃபேனும்தான். அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் உண்மை, ஆண்டவன் வந்து கேட்டாலும் உண்மை. அது உண்மையாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை. பொய்யாக இருந்தால் பிறகு என்றைக்காவது வெளிப்படும் என்று ஒரு பயமாவது இருக்கும். இது வெளிப்படவே போவதில்லை. சின்னப் பிள்ளைங்க? இல்ல. நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதுதான், பஸ் ஏறின பிறகும் அதுதான், ஊறுகாய்த் துணுக்கு பல்லிடுக்கில் மாட்டின மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது. சின்னப் பிள்ளைங்க? மூன்று பேர் தம்பி. இல்லை, நான்கு பேர். இரயில்வே காலனியில் இரட்டைப் பிள்ளைகள், வாத்தியார் வீட்டில் பெண் பிள்ளை, அப்புறம் கிருத்திகாவின் குட்டித் துரை. அவர்கள் வீட்டில் நான் இல்லை, என் வீட்டில் அவர்கள் இல்லை. ஆனால் நான் ஊதின மூச்சு அவர்களுக்குள்தான் இருக்கிறது.

சொல்லாமலே இருந்துவிடலாம். ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஒரு வழி பஸ் ஏறும்போதே என் கண்ணுக்குத் தெரிந்தது, நல்ல அகலமான வழி. ஏற்கெனவே ஊரில் சொந்தக்காரர் விசேஷம் என்று இரண்டு நாளாக எந்த வீட்டுக்கும் போகவில்லை. அதையே கொஞ்சம் நீட்டிவிடலாம். அண்ணி கீழே விழுந்துவிட்டாள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஆறு மாதம் ஆகும் என்று போனில் சொன்னால் முடிந்தது. "ஐயோ, அப்படியாக்கா, நீங்க பாத்துட்டு வாங்க" என்பாள் கிருத்திகா. வாத்தியார் வீட்டில் முணுமுணுப்பார்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து நான் தேறி, ரவிக்கை பழையபடி இறுகி, தெம்பாகத் திரும்பி வருவேன். அதற்குள் இந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிடும், புதிதாக வேறு பிள்ளைகள் பிறந்திருக்கும். பஞ்சவர்ணம் பேர் பஞ்சவர்ணம் பேராகவே இருக்கும். சொன்னால்? சொன்னால் இந்த மூன்று வீட்டோடு நிற்குமா? ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எப்படி என் பேர் போனதோ அப்படியே இதுவும் போகும். சாகும்வரை எந்த வீட்டிலும் ஒரு பிள்ளையைக் கூடக் கையில் தரமாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது என்பதைவிட வேறு எதுவும் பிடிக்காது என்பதுதான் பெரிய சங்கடம். தினம் காலையில் ஒரு பிஞ்சு உடம்பு எண்ணெய் மினுக்கத்தோடு என் காலில் நெளியாவிட்டால் அந்த நாளே எனக்கு விடிந்த மாதிரி இருக்காது. இரண்டு நாளாக விடியவில்லை. இந்த இடம் வரைக்கும் யோசித்தபோது அந்த அகல வழி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் குட்டித் துரை தும்மினான். நிஜமாக இல்லை, என் நினைப்பில். குளியல் முடிந்து ஊதினவுடன் அவன் ஒரு தும்மல் போடுவான், சின்னதாக, தன் தும்மலுக்குத் தானே பயந்து கண்ணை விரித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். 'என்ன துரை, யார் நினைக்கிறா?' என்பேன். நான் ஊரில் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆறு மாதத்தில் அவன் காய்ச்சலில் கிடப்பான். சளிக் காய்ச்சல் என்பார்கள், பல் முளைக்கிறது என்பார்கள், எல்லோரும் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இதயம் என்றார்களே, அந்த மாதிரி. அவனை யாரும் அந்த இயந்திரத்துக்குள் தள்ளிப் பார்க்கப்போவதில்லை. இன்ன இடத்தில் பார் என்று விரல் நீட்டிச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறது, அது படியில் தொங்கிக்கொண்டு போகிறது.

எனக்கு இதை யார் கொடுத்தது? அதையும்தான் நினைக்கிறேன். சந்தையா, பஸ்ஸா, ரேஷன் கடை வரிசையா, பக்கத்து வீட்டுக் கிழவரா. யாரோ ஒரு ஆள் எனக்கும் சொல்லாமல் ஊருக்குப் போயிருக்கிறார். அந்த ஆள் மேல் இருக்கிற கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. முகம் தெரியாதவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? ஆனால் அந்த ஆளாக நான் இருக்க மாட்டேன். அது மட்டும் இப்போது, இந்தச் செக்கடி வளைவில் பஸ் சாய்கிற இடத்தில், தெளிவாகத் தெரிகிறது. சொல்லப்போகிறேன். போனில் இல்லை, போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது? 'கிருத்திகா, ஒரு விஷயம்.' வேண்டாம், இழவுச் செய்தி மாதிரி இருக்கிறது. 'உங்கிட்ட ஒன்னு சொல்லணும், பதறக் கூடாது.' பதறாதே என்றால் அந்த நிமிஷமே பதறுவாள். 'பிள்ளைக்கு ஒன்னும் ஆகாது.' அதைச் சொல்ல நான் யார், டாக்டரா? ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல். எனக்கு டிபி. நான் பிள்ளை மூக்கில் ஊதியிருக்கிறேன். பிள்ளையை இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டணும். மூன்றே மூன்று. மூக்கில் ஒன்று, காதுக்கு ஒன்று ஒன்று, அந்த மாதிரி. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கும்போது கண்டக்டர், "மாஸ்க்கெல்லாம் போட்டுப் பெரிய டாக்டர் மாதிரி இருக்கியேம்மா" என்கிறான். "ஆமாய்யா, கேஸ் பாக்கத்தான் போறேன்" என்கிறேன். என் வாய்க்கு எப்போதும் குறைச்சல் இல்லை.

தெரு முழுக்க வெயில். இஸ்திரி வண்டிக்காரர் கையைத் தூக்குகிறார், நானும் தூக்குகிறேன், நிற்கவில்லை. நின்றால் பேச வேண்டும், பேசினால் அந்த மூன்று வாக்கியமும் கலைந்துவிடும். அப்பார்ட்மெண்ட் வாசலில் மிளகு நினைவுக்கு வந்து கை முந்தானை முடிச்சுக்குப் போகிறது. பழக்கம். முடிச்சை அவிழ்த்து மிளகையும் கற்கண்டையும் அங்கேயே சாக்கடையில் கொட்டுகிறேன். வந்தால் வரட்டும், இனிமேல் எந்தப் படியிலும் இருமலை விழுங்கப்போவதில்லை. முதல் மாடி. மூச்சு வாங்குகிறது. இதயம் டம்டம் என்று அடிக்கிறது, சுத்தமான இதயம், சான்றிதழ் வாங்கிய இதயம், நீ பயப்படாதே, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டாம் மாடி. இருமுகிறேன், நன்றாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, மாஸ்க்கை அழுத்திக்கொண்டு, இரண்டு மாதமாக இருமாததையெல்லாம் சேர்த்து. மேலே கதவு திறக்கிற சத்தம். "அக்கா? நீங்களா? வந்துட்டீங்களா?" அந்தக் குரலில் இருக்கிற சந்தோஷத்தைக் கேட்டதும் கால் அப்படியே திரும்பிக் கீழே இறங்கப் பார்க்கிறது. மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. இல்லை, இப்போது அசையணும். மேலே.

கதவு முழுசாகத் திறந்திருக்கிறது. உள்ளே வெந்நீரின் ஆவி வாசனை, தேங்காய் எண்ணெய் வாசனை. கிருத்திகா இரண்டு நாள் தூங்காத கண்ணோடு, நைட்டி மேல் துண்டு போட்டு, எண்ணெய் தடவின பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "நல்ல வேளை வந்தீங்க. நானே குளிப்பாட்டலாம்னு எண்ணெயைத் தடவிட்டேன், அதுக்கு மேல பயமாயிருக்கு. இந்தாங்க, பிடிங்க." குட்டித் துரை என்னைப் பார்த்துக் காலை உதைக்கிறான். அந்த உதை எனக்குத்தான், வேறு யாருக்கும் அப்படி உதைக்க மாட்டான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு படி கீழே இறங்கி நிற்கிறேன்.

"கிட்ட வராத தாயி. அங்கயே நில்லு."

"என்னக்கா? என்ன ஆச்சு? மாஸ்க்கு எதுக்கு?"

"எனக்கு டிபின்னு சொல்லிட்டாங்க. இதயத்துல ஒன்னும் இல்ல, அந்தப் படத்துலயே ஓரத்துல தெரிஞ்சிருச்சு. நான் பிள்ளை மூக்குல ஊதியிருக்கேன். பிள்ளைய இன்னைக்கே கொண்டுபோய்க் காட்டணும்."

சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையைத் தோளோடு அணைத்து, தன் கையால் அவன் மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி வைத்துக்கொண்டு பின்னால் போனாள். ஒவ்வோர் அடியாகப் போய்ச் சுவரில் முட்டினாள். "நான் அன்னைக்கே சொன்னேன்லக்கா" என்றாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஊதாதீங்கன்னு சொன்னேன்ல." "சொன்ன தாயி. நான்தான் கேக்கல." "ரெண்டு நாளா ஊர்ல விசேஷம்னு சொன்னீங்களே." "பொய்தான் சொன்னேன்." கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம். அப்புறம் சங்கிலி.

போய்விடலாமா? சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், யாரைப் பார்க்கணும் என்று சொல்லவில்லையே. மாடிப்படித் திருப்பத்தில், கிராதி வைத்த ஜன்னலிலிருந்து காற்று வருகிற இடமாகப் பார்த்து இறங்கி நிற்கிறேன். உள்ளே அவன் அழ ஆரம்பிக்கிறான். எண்ணெயோடு குளிராக இருக்கும். அழட்டும், அழுதால் நுரையீரல் விரியும் என்று சொல்லிக்கொள்கிறேன், நுரையீரல் என்ற சொல்லிலேயே நினைப்பு மாட்டிக்கொள்கிறது. குளியலறைக் குழாய் திறக்கிறது. பக்கெட்டில் தண்ணீர். பயந்த பெண் தானே குளிப்பாட்டுகிறாள், எண்ணெயை அப்படியே விட முடியாதே. சொம்பால் மொண்டு ஊற்றும் சத்தம் வெளிச்சுவரின் சின்ன ஜன்னல் வழியாக விட்டு விட்டுக் கேட்கிறது. ரொம்பக் கொஞ்சமாக ஊற்றுகிறாள். இப்போது முதுகு. இப்போது திருப்பிப் போடுகிறாள். இப்போது முகம். சத்தம் நின்றது. நான் ஊதுகிற இடம். மாஸ்க்குக்குள் என் உதடு தானாகக் குவிந்திருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது. பிடித்தேன். அந்த இயந்திரத்துக்குள்கூட அப்படிப் பிடித்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிற வரைக்கும் பிடித்து, பிறகு தலையைக் கிராதிப் பக்கம் திருப்பித் தெருவுக்கு விட்டேன்.

அவன் தும்மினான். ஊதாமலேயே தும்மினான். தும்மிவிட்டு வீடு இடிந்துவிழுகிற மாதிரி ஓர் அழுகை. அழுகை குளியலறையிலிருந்து கூடத்துக்கு வந்து, கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா." கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல், மூக்கடைத்துப்போய். "இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

"இருக்கேன் தாயி. கீழ்த் திருப்பத்துல நிக்கிறேன். நெஞ்சுநோய்ப் பிரிவு, பின் கேட்டு வழியா போகணும். சகாயராஜ்னு ஒரு தம்பி இருப்பாரு."

"எனக்கு வழியெல்லாம் தெரியாது. நீங்க வாங்க. வந்து நீங்களே சொல்லுங்க, எப்போலேருந்து இருமுறீங்க, எப்படி ஊதுனீங்கன்னு. எல்லாத்தையும் சொல்லுங்க."

"சொல்றேன். மத்த ரெண்டு வீட்டுக்கும் இப்பவே போன் பண்ணி, அவங்களையும் அங்க வரச் சொல்லிடுறேன். நீ ஆட்டோல வா. நான் பஸ்ஸுல முன்னால போறேன்."

உள்ளே அவன் அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. சட்டை போடுகிறாள் போலிருக்கிறது, கை சட்டைக்குள் போகாது, விறைத்துக்கொள்வான், எனக்குத் தெரியும். சேலைக்குள்ளிருந்து போனை எடுத்து, இரண்டு படி இறங்கினேன்.

"அக்கா!" என்றாள் உள்ளிருந்து. "போகாதீங்க. நீங்க பேசுறப்போ அழுகைய நிறுத்துனான். இவனுக்குத் துணியப் போடுற வரைக்கும் அங்கயே நின்னு பேசுங்க."

மாஸ்க்கை மூக்கோடு அழுத்திவிட்டுக்கொண்டு, மூடிய கதவை நிமிர்ந்து பார்த்து, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். "என்ன துரை, கிளம்பியாச்சா? எங்க, ஆபீசுக்கா?"